டெல்டா களிமண்ணில் பாக் சோய்: கூடவே ஒரு பப்பாளி

கொல்லையில் நாலு பாத்தி போட இடம் இருந்தால் போதும், தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் பாக் சோய் என்ற சீனக் கீரை அருமையாக வரும். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் ஊட்டி, பெங்களூரு மாதிரிக் குளிர்ந்த ஊர்களுக்குத்தான் பொருந்தும். நம் ஊருக்கு விதைக்கும் மாதமும் பாத்தியும் வேறு.

மாதம்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விதைத்தால் நாற்று அழுகிவிடும். மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும்போது விதையுங்கள். நாற்பது, நாற்பத்தைந்து நாளில் அறுக்கலாம் என்பதால் தை முடிவதற்குள் வேலை முடிந்துவிடும். மாசி வெயில் ஏறிவிட்டால் நடுவிலிருந்து தண்டு கிளம்பி, கடுகுச் செடி மாதிரியே மஞ்சளாகப் பூக்கும். இதுவும் கடுகுக் குடும்பம்தானே. இலை கசக்க ஆரம்பித்தாலும் இளம் பூத்தண்டை வீணாக்காமல் வதக்கிச் சாப்பிடுங்கள்.

பாத்தி

பலருக்கும் செடி போவது இங்கேதான். ஆற்றுப் படுகை தவிர மற்ற இடங்களில் நம் மண் பெரும்பாலும் களி. மேலே வெடித்திருக்கும், நாலு விரல் தோண்டினால் ஈரம் சொதசொதவென்று நிற்கும். பாக் சோய்க்கு ஈரம் வேண்டும், ஆனால் வேரில் தண்ணீர் நிற்கவே கூடாது. அதனால் மூன்றடி அகலம், முக்கால் அடி உயரத்தில் மேட்டுப்பாத்தி போட்டு, சுற்றிலும் வடிகால் எடுத்துவிடுங்கள்.

மணல் கலக்கச் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். களியில் கொஞ்சம் மணல் சேர்த்தால் காய்ந்ததும் இன்னும் இறுகிப்போகும். அதைவிட உமிக்கரி நல்லது. ரைஸ் மில்லில் கேட்டுப் பாருங்கள், வெந்து வெளுத்த சாம்பலாக இல்லாமல் கறுப்பாக இருப்பதை வாங்குங்கள். மூன்று பங்கு மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழுவுரம், ஒரு பங்கு உமிக்கரி. கலந்து லேசாக நனைத்து, ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டையாக நிற்கவேண்டும், கட்டைவிரலால் தொட்டால் பொலபொலவென்று உதிரவேண்டும். விரலில் பசையாக ஒட்டினால் உரமும் கரியும் இன்னும் சேருங்கள்.

விதைப்பு

விதை கடுகைப் போலவே பொடிசு. அரை செ.மீ. ஆழம் போதும். பூவாளியால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள், ஹோஸ் பைப் விதையை வாரிக்கொண்டு போய்விடும். முளைத்து நாலு இலை வந்ததும் ஒரு சாணுக்கு ஒரு செடி விட்டு, நடுவில் இருப்பதைப் பிடுங்கிவிடுங்கள். பிடுங்கிய குட்டிச் செடிகளைப் பருப்பில் போடலாம்.

இலையில் ஊசி குத்தியது போலப் பொடி ஓட்டைகள் தெரிந்தால், துள்ளி ஓடும் குட்டி வண்டின் வேலை. விதைத்த அன்றே பழைய கொசுவலையைக் குச்சி நட்டு மூடிவிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. புழு வந்துவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளிக்கவும்.

பின்சேர்க்கை: நாகப்பட்டினம் பக்கத்து வாசகர் ஒருவர் இலை ஓரம் கருகுவதாக எழுதியிருந்தார். கடலோர போர் தண்ணீரில் உப்பு இருந்தால் அப்படி ஆகும். குளத்துத் தண்ணீரோ சேமித்த மழைநீரோ ஊற்றிப் பாருங்கள். வெயில் காலத்துக்கு என்ன போடுவது என்றும் சிலர் கேட்டார்கள். வள்ளைக்கீரை போடுங்கள். சீனர்கள் பூண்டு போட்டு வதக்கும் அதே கீரை, வெக்கையில்தான் தழைக்கும். சாக்கடை கலக்கும் வாய்க்காலில் பறிக்காமல் வீட்டிலேயே தண்டு நட்டு வளர்ப்பது நல்லது.

பப்பாளி

பாத்திக்கு மேற்கே ஒன்று நட்டால், வளர்ந்தபின் பிற்பகல் வெயிலைத் தடுக்கும். ரெட் லேடி ரகம் எனக்குப் பிடிக்கும், இருபால் பூ பூக்கும் கன்றாக அமைந்தால் ஒரே மரம் தானே காய்க்கும். ஒன்றரை அடி மேட்டில் தை, மாசியில் நடுங்கள். அடியில் ஒன்றிரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலே தண்டு அழுகிவிடும், அதனால் அடுத்த மழைக்குள் மரம் தேறியிருக்கவேண்டும்.

சமையல்

பாக் சோயைக் காலையில் அறுத்து, அடிக்காம்பைப் பிரித்து மண் போகக் கழுவுங்கள். இரும்புச் சட்டி நன்றாகக் காய்ந்ததும் நல்லெண்ணெய், தட்டிய பூண்டு, காய்ந்த மிளகாய். முதலில் காம்பு, ஒரு நிமிடம் கழித்து இலை. பாசிப்பருப்புக் கூட்டும் நன்றாக வரும், ஆனால் பருப்பு வெந்தபின்தான் கீரையைச் சேர்க்கவேண்டும். எப்படிச் செய்தாலும் மூடி போடாதீர்கள், பச்சை போய்விடும். சோயா சாஸ் விடுவதாக இருந்தால் உப்பே வேண்டாம்.