கேஸ் ஜெயித்தபின் வக்கீல் கட்டணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி?

மேலூர்ப் பக்கம் 40 சென்ட் நிலத்துக்கு அப்பா கிரய அக்ரிமென்ட் போட்டு 4 லட்சம் அட்வான்ஸ் கொடுத்திருந்தார். விற்க வந்தவர் கிரயமும் செய்து தரவில்லை, பணத்தையும் திருப்பவில்லை. வழக்குப் போட்டோம், ஜெயித்தோம். "செலவுத்தொகையுடன் தீர்ப்பளிக்கப்படுகிறது" என்று வாசித்ததைக் கேட்டு, வக்கீலுக்குக் கொடுத்ததும் சேர்ந்தே வந்துவிடும் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

டிகிரி, அதாவது தீர்ப்பின் முடிவைக் கோர்ட் ஆணையாக எழுதிய தாள், அதன் நகல் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். செலவுப் பட்டியல் என்று ஒரு சின்ன அட்டவணை. வழக்குரை (வழக்குப் போடும்போது தாக்கல் செய்யும் மனு) முத்திரைக் கட்டணம், வக்காலத்து, அழைப்பாணைக் கட்டணம் என்று வரிசையாக ரூபாய்க் கணக்கு. அதற்குக் கீழே "வழக்கறிஞர் கட்டணம்". எதிரே ஒரு கோடு, "சான்றிதழ் தாக்கல் செய்யப்படவில்லை" என்று மூன்றே சொல். அந்தத் தொகை எங்களுக்கு வரவே இல்லை. எதிர்தரப்பு அப்பீல் போனது. அதில் எல்லாவற்றையும் முறையாகச் செய்தோம், கட்டணம் டிகிரியில் ஏறியது. அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எவ்வளவு வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நீங்கள் கொடுத்த ஃபீஸ் முழுவதும் வராது. சிவில் நடைமுறைச் சட்டம் 35-வது பிரிவு செலவுத்தொகையை நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு விடுகிறது. ஜெயித்தவருக்குத் தோற்றவர் கொடுப்பதுதான் பொது வழக்கம். கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தால் நீதிபதி காரணத்தை எழுத வேண்டும். ஆனால் வக்கீல் கட்டணம் என்று எவ்வளவு சேர்க்கலாம் என்பதை வழக்கின் மதிப்பை வைத்துக் கட்டண விதிகள் முடிவு செய்கின்றன. டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் உண்மையான செலவு என்று 45 லட்சத்து 28 ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. விதியைத் தாண்டிக் கொடுக்க முடியாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் அதைக் குறைத்துவிட்டது. பொய் வழக்குக்கு 35ஏ பிரிவில் கிடைக்கும் இழப்பீட்டுச் செலவுக்கும் உச்சவரம்பு வெறும் 3,000 ரூபாய். இந்தத் தொகை இன்றைக்கும் மாறாமல் கிடப்பது பெரிய அநியாயம் என்பது என் கருத்து.

சரி, பெரிய தொகை எது? கோர்ட் ஃபீஸ்தான். பணம் கேட்டுப் போடும் வழக்குக்குத் தமிழ்நாட்டில் 2017-க்கு முன் 7.5 சதவீதம், இப்போது 3 சதவீதம். எங்கள் 4 லட்சத்துக்கு 12,000 ரூபாய். அது அட்டவணையில் தானாகவே ஏறிவிட்டது.

வழக்குரையில் கேளுங்கள்

பரிகாரப் பகுதியில் "வழக்கின் செலவுத்தொகையைப் பிரதிவாதி கொடுக்க வேண்டும்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

ரசீதைச் சேருங்கள்

இதற்குச் செயலி எதுவும் வேண்டாம். ஒரு நீள நோட்டும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரும் போதும். ரப்பர் பேண்ட் போட்ட ஃபைலை நம்பாதீர்கள், மேலூர் பஸ்ஸில் இரண்டு தடவை எனக்குப் பிரிந்துபோனது. வாய்தா தேதிக்கு மட்டும் ஈகோர்ட்ஸ் செயலி நல்லது. வழக்குக்கென்று கோர்ட் கொடுக்கும் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டுவைத்தால் குமாஸ்தாவுக்குத் தினம் போன் போட வேண்டியதில்லை. வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

எதையெல்லாம் சேர்க்கலாம் என்று பலருக்குத் தெரியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 20ஏ ஒரு பட்டியலே தருகிறது: வழக்குக்கு முன் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ், வழக்குரை டைப்பிங், கோர்ட் பதிவேடுகளைப் பார்வையிட்ட கட்டணம், கோர்ட் சம்மன் இல்லாமல் நீங்களே கூட்டிவந்த சாட்சியின் செலவு, அப்பீலில் தீர்ப்பு, டிகிரி நகல் வாங்கிய செலவு. கிரய அக்ரிமென்ட் எழுதியவரைச் சாட்சி சொல்ல உசிலம்பட்டியிலிருந்து கூட்டிவந்தோம். அந்தச் செலவையும் கேட்கலாம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

நாங்கள் கோட்டைவிட்ட படி: ஃபீஸ் சர்டிபிகேட்

இதை நிதானமாகப் படியுங்கள். வக்கீல் தன் கையெழுத்தோடு, "இந்த வழக்கில் கட்சிக்காரரிடமிருந்து இவ்வளவு கட்டணம் பெற்றேன்" என்று சான்றிதழ் கொடுத்தால்தான் டிகிரி எழுதும்போது அந்தத் தொகை ஏறும். கூடவே காஸ்ட் மெமோ, அதாவது செலவுகளை வரிசைப்படுத்திய பட்டியல். இரண்டும் தீர்ப்புக்கு முன்பே கோர்ட்டில் இருக்க வேண்டும். வாதம் முடிந்து தீர்ப்புக்குத் தேதி போடுகிற அன்றைக்கே கொடுத்துவிடுங்கள் என்பேன்.

வக்கீலிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. "சார், ஃபீஸ் சர்டிபிகேட்டும் காஸ்ட் மெமோவும் போட்டாச்சா?" என்று கேட்டால் போதும், அவர் தவறாக நினைக்க மாட்டார். தாக்கல் செய்த நகலில் கோர்ட் முத்திரை விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அப்பீலில் நான் குமாஸ்தாவோடு கூடவே போய், முத்திரை குத்தியதைப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுத்தாவணிக்கு பஸ் ஏறினேன்.

டிகிரியைச் சரிபாருங்கள்

தீர்ப்பு வேறு, டிகிரி வேறு. தீர்ப்பு நாளிலிருந்து 15 நாளுக்குள் டிகிரி எழுத வேண்டும் என்பது விதி. இரண்டுக்கும் சேர்த்தே நகல் மனு போடுங்கள். அட்டவணையை உங்கள் நோட்டோடு ஒத்துப் பாருங்கள். எங்கள் முதல் டிகிரியில் அழைப்பாணைக் கட்டணத்தைக் கூட்டியதிலும் பிழை இருந்தது. இப்படிக் கூட்டல் பிழை, எழுத்துப் பிழையை 152-வது பிரிவில் மனுப் போட்டு எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். நாங்களும் திருத்தினோம்.

பணம் தராவிட்டால்

ஈ.பி. எனும் நிறைவேற்று மனு. அந்தப் படிவத்தில் செலவுத்தொகைக்கென்றே தனி இடம் உண்டு, அசலை மட்டும் நிரப்பிவிட்டு அதைக் காலியாக விடாதீர்கள். கெடு 12 வருடம். அவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்லை, அதற்குள் சொத்தைக் கைமாற்றிவிடுவார்கள்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்டதில் மூன்று.

திருமங்கலத்திலிருந்து ஒருவர், எதிர்தரப்பு வாய்தா வாங்கியே இழுத்தடிக்கிறது, அதற்குச் செலவுத்தொகை உண்டா என்று கேட்டார். 35பி பிரிவில் உண்டு. அதைக் கட்டினால்தான் அவர்கள் மேற்கொண்டு வழக்கை நடத்த முடியும். கட்டிவிட்டால் அந்தத் தொகை கடைசி டிகிரியில் மறுபடி சேராது. ஆகவே நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

சமாதானமாகப் போனால் வக்கீல் கட்டணம் கிடைக்குமா என்றார் இன்னொருவர். ராஜிப் பத்திரத்தில் எழுதிக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆனால் கோர்ட் ஃபீஸ் முழுவதும் திரும்பக் கிடைக்கும். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2021-ல் உச்ச நீதிமன்றம், கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகப் பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் இது பொருந்தும் என்று சொல்லிவிட்டது. வழக்கு ஆரம்பக் கட்டத்தில் இருந்தால் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, வாடிப்பட்டி அக்கா ஒருவர். அவர் பிரதிவாதி. அவர்மேல் போட்ட வரப்புத் தகராறு வழக்கு "செலவுத்தொகையுடன் தள்ளுபடி" ஆகியிருக்கிறது. வழக்கைப் போட்டவர்தான் ஈ.பி. போட முடியும் என்று யாரோ சொன்னதை நம்பி விட்டுவிட்டாராம். அக்கா, உங்களுக்குச் செலவுத்தொகை கொடுக்கச் சொன்ன டிகிரி அது, நீங்களே ஈ.பி. போடலாம். அட்டவணையில் "பிரதிவாதி" என்ற கலத்தில் என்ன தொகை ஏறியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.