பழைய கேமராவின் ஷட்டர் கவுன்ட்: எங்கே ஏமாறுகிறார்கள்

செகண்ட் ஹேண்ட் கேமரா தேடுகிறவர்கள் இப்போதெல்லாம் எடுத்த எடுப்பிலேயே ஷட்டர் கவுன்ட், அதாவது படமெடுக்கும்போது ஒளியை உள்ளே விட்டு மூடும் ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற எண்ணிக்கை, எவ்வளவு என்று கேட்டுவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த எண்ணை எங்கிருந்து எடுக்கிறார்கள், கிடைத்ததும் என்ன முடிவுக்கு வருகிறார்கள் என்று பார்த்தால், எங்கள் தலைமுறை விழுந்த அதே பள்ளங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள். லென்ஸில் கீறல் பாருங்கள், பில் கேளுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எண்ணைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

## ஃபைல் பெயரில் உள்ள எண்ணை நம்புவது

அது 9999-ஐத் தொட்டதும் மறுபடி 0001. மெனுவில் போய் ரீசெட் செய்யவும் முடியும். விடுங்கள்.

## விற்பவர் அனுப்பிய படத்தில் கவுன்ட் பார்ப்பது

இதைப் பற்றி எத்தனை பேரிடம் சொன்னாலும் தீர மாட்டேன் என்கிறது.

நிக்கான், பென்டாக்ஸ், சோனியின் பல மாடல்கள், ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் அதுவரை ஆன கவுன்ட்டை அந்தப் படத்தோடு சேர்ந்தே பதிவாகும் எக்ஸிஃப் தகவலுக்குள், கேமரா கம்பெனி தனக்கென வைத்திருக்கும் மேக்கர்நோட் என்ற பகுதியில் எழுதிவைக்கின்றன. எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் தெரியும். படத்தை அப்லோடு செய்தால் எண்ணைக் காட்டும் இணையதளங்களும் உண்டு. ஆக, விற்பவரிடம் ஒரு ஒரிஜினல் ஃபைல் வாங்கினால் போதும் என்று நினைக்கிறார்கள்.

கல்யாணப் படம் எடுக்கும் தம்பி ஒருவர் இப்படித்தான் நிக்கான் டி750 வாங்கினார். "அண்ணா, வெறும் 22,000தான் ஓடியிருக்கு, ஃபைலை நானே செக் பண்ணிட்டேன்" என்றார். குறைந்த கவுன்ட்டுக்கு உரிய விலையையும் கொடுத்திருந்தார். கேமராவைக் கொண்டுவந்தபோது அதில் ஒரு படம் எடுத்து, கார்டிலிருந்து நேராகத் திறந்து பார்த்தோம். 1,71,000-ஐத் தாண்டியிருந்தது. அந்த மாடலின் ஷட்டருக்கு நிக்கான் சொன்ன அளவே 1,50,000தான். அப்புறம் விற்றவர் அனுப்பியிருந்த ஃபைலை முழுசாகப் பிரித்தோம். மாடல் அதேதான், சீரியல் நம்பர் வேறு. போன் செய்து கேட்டால், "என்கிட்ட ரெண்டு பாடி இருந்துச்சு, ஃபைல் மாறிப்போச்சு போல" என்று பதில். கேமராவைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை.

விற்றவர்மேல் இருக்கும் கோபத்தைவிட எனக்கு எரிச்சல் தருவது இதுதான்: கவுன்ட் இருக்கும் அதே பட்டியலில் சீரியல் நம்பரும் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் விரலை நகர்த்திக் கவுன்ட்டைத் தேடுகிறார்கள். கேமராவைக் கவிழ்த்தால் அடிப்பகுதியில் அதே நம்பர் இருக்க வேண்டும். சில மாடல்களில் மடக்கும் திரைக்குப் பின்னால் இருக்கும். இந்த இரண்டையும் ஒப்பிடாமல் கவுன்ட்டைப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

சீரியல் பொருந்தினாலும் முடியவில்லை. அதே கேமராவில் மூன்று வருடத்துக்கு முன் எடுத்த படமாக இருக்கலாம். தேதியைப் பாருங்கள் என்பார்கள். கேமராவின் கடிகாரத்தை யார் வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாம். அதனால் நேரில் போங்கள், உங்கள் கார்டைப் போடுங்கள், நீங்களே ஒரு படம் எடுங்கள். ஆள் வெளியூரில் இருந்தால், ஒரு தாளில் உங்கள் பெயரை எழுதி அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கூடவே அடிப்பகுதியின் படமும். தயங்குகிறாரா? வேறு கேமரா தேடுங்கள்.

அந்த ஃபைலும் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்தால் எக்ஸிஃப் மொத்தமும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்ல வேண்டும். லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் எக்ஸ்போர்ட் செய்த ஜேபெக்கும் உதவாது, மேக்கர்நோட் அதில் வராது.

## கேனான் ஃபைலில் தோண்டுவது

கேனானின் பெரும்பாலான இஓஎஸ் மாடல்கள் இந்த எண்ணைப் படத்துக்குள் எழுதுவதில்லை. "ஃபைல்ல காட்டலையே, ஏதோ மறைக்கிறாங்க" என்று விற்பவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கேமராவை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, அதற்கென உள்ள மென்பொருளில்தான் பார்க்க முடியும். ஒவ்வொரு மென்பொருளும் சில மாடல்களை மட்டுமே படிக்கும் என்பதால், வீட்டிலேயே பட்டியலைப் பார்த்துவிட்டு லேப்டாப்போடு கிளம்புங்கள். 1டி எக்ஸ் போன்ற பெரிய பாடி என்றால் மெனுவிலேயே இருக்கிறது.

## மிரர்லெஸ்ஸில் பெரிய எண்ணைக் கண்டு ஓடுவது

மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமராவில், சத்தம் வராத சைலன்ட் மோடில் எடுத்தால் மெக்கானிக்கல் ஷட்டர் அசைவதே இல்லை. ஆனால் சில மாடல்களில் அப்போதும் கவுன்ட் ஏறும். நிக்கான் இசட்6, இசட்7 ஃபைல்களை எக்ஸிஃப்டூலில் திறந்தால் மொத்த எண் ஒன்று, மெக்கானிக்கல் எண் தனியாக ஒன்று என இரண்டு தெரியும். தேய்மானத்துக்கு இரண்டாவதைப் பாருங்கள். 2021-ல் வந்த இசட்9-இல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. அதற்குப் போய்க் கவுன்ட் கேட்டு விலை பேசுகிறவர்களை என்ன சொல்ல!

## வீடியோ

எத்தனை மணி நேரம் ஓடியது என்று இந்த எண்ணுக்குத் தெரியாது.

## ஆயுள் எண்ணைக் கெடு தேதியாக எடுத்துக்கொள்வது

கேனான் 6டி-க்கு 1,00,000, 5டி மார்க் 3-க்கு 1,50,000, நிக்கான் டி850-க்கு 2,00,000 என்பதெல்லாம் கம்பெனி சோதித்துச் சொன்ன அளவு. அதற்கு முன்னாலும் போகலாம், இரண்டு மடங்கு ஓடவும் செய்யலாம். போனால் ஷட்டரை மாற்றிக்கொள்ளலாம். கடற்கரையோர வீட்டு பீரோவில் வருடக்கணக்காகக் கிடந்த 6,000 கவுன்ட் கேமராவைவிட, வாராவாரம் முகூர்த்தத்துக்குப் போய்வந்து ஒழுங்காகத் துடைத்து வைக்கப்பட்ட 80,000 கவுன்ட் பாடியைத்தான் நான் எடுப்பேன்.

## குறைந்த எண்ணைப் பார்த்ததும் பணத்தை எடுப்பது

சர்வீஸில் ஷட்டரை மாற்றும்போது கவுன்ட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது உண்டு. 2012-ல் வந்த நிக்கான் டி600-இன் சென்சாரில் புள்ளிகள் விழுந்த விவகாரத்தில், 2014-ல் நிக்கானே இலவசமாக ஷட்டர் மாற்றித் தர முன்வந்தது. ஆகவே டி600-இல் 4,000 என்று காட்டினால் அது புது ஷட்டரின் வயதாக இருக்கலாம். அதில் தப்பில்லை, புது ஷட்டர் லாபம்தான். ஆனால் கிரிப் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவில் பெயின்ட் போய் உலோகம் தெரிந்தால், சர்வீஸ் பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.