பௌதி என்றாலே கள்ளக்காதலா?

பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணன் மனைவி, நம் அண்ணி. ‘சாருலதா’ படத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் ‘கொழுந்தன்மேல் ஆசைப்பட்ட அண்ணி’ என்று முடித்துவிடுகிறோம். நானே ஒருமுறை அப்படி எழுதியிருக்கிறேன். 1964-இல் வந்த சத்யஜித் ராயின் படத்தை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். கொழுந்தன் அமல் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே, சாரு கைக்குட்டையில் பூ வேலை செய்கிறாள், புத்தகத்தைப் புரட்டுகிறாள், கைப்பிடி வைத்த சின்ன பைனாகுலரோடு ஜன்னல் ஜன்னலாக ஓடித் தெருவில் போகிறவர்களைப் பார்க்கிறாள், அப்புறம் புத்தகத்தில் மூழ்கியபடி தன்னைக் கவனிக்காமலே கடந்து போகிற புருஷனையும் அதே கண்ணாடி வழியாகப் பார்க்கிறாள். கதை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

அடுத்த தவறு, சாருதான் தாகூரின் அண்ணி காதம்பரி என்று அடித்துச் சொல்வது. தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத்தைக் கட்டிக்கொண்டு 1868-இல் அந்த வீட்டுக்கு வந்தபோது காதம்பரியே சிறுமி, கொழுந்தன் ரவீந்திரநாத்தைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். புருஷனுக்கோ பத்தொன்பது. பெரிய வீட்டில் வயதொத்த துணை, சேர்ந்து படிக்க ஓர் ஆள், கொழுந்தன்தான். 1884-இல், ரவீந்திரநாத்துக்குக் கல்யாணமான சில மாதங்களில், காதம்பரி தற்கொலை செய்துகொண்டார். சாயல் இருக்கலாம். ஆனால் படத்துக்கு மூலமான, 1901-இல் வந்த தாகூரின் ‘நஷ்டநீர்’ கதையைத் துப்பறியும் கோப்பு மாதிரிப் படிக்கிறவர்கள், சாரு எழுதுகிறவள் என்பதையே கோட்டைவிடுகிறார்கள். படத்தில் தன் கட்டுரை அச்சான பத்திரிகையாலேயே அமலின் தலையில் அடித்துவிட்டு அழுவாளே, அது வெறும் காதல் அழுகையா என்ன?

எல்லா பௌதியும் சாருவும் இல்லை. வங்க எழுத்தாளர் சரத்சந்திரரின் ‘ராமேர் சுமதி’ கதையில் நாராயணி கணவனின் மாற்றாந்தாய்த் தம்பியைப் பெற்ற பிள்ளையாகவே வளர்க்கிறாள். இதை விட்டுவிட்டுப் பேசினால் பாதிப் படம்தான். அதே போல, பக்கத்து வீட்டுக்காரி, நண்பனின் மனைவி, வீட்டுக்காரம்மா எல்லாருமே வங்காளத்தில் பௌதிதான். வெப்சீரிஸில் அந்த வார்த்தை வந்ததும் உறவுமுறை தேடாதீர்கள்.

ஆங்கில சப்டைட்டிலை நம்பி எழுதுவது இன்னொரு வம்பு. அதில் அண்ணியும் நாத்தனாரும் கொழுந்தியாளும் ‘சிஸ்டர்-இன்-லா’ என்ற ஒரே சொல்தான். நம்மிடம் தனித்தனியாகவே இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாம். அப்படிப் பார்த்தால் சாரு வீட்டிலேயே இன்னொரு அண்ணி உண்டு: சாருவின் அண்ணன் மனைவி மந்தாகினி. அந்த நீண்ட மதியங்களில் சாருவோடு உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருப்பாள். அவளைப் பற்றி ஒருவரும் ஒரு பத்தி எழுதி நான் பார்த்ததில்லை.