நர்சம்மாவுக்குப் பாராட்டு விழா எடுக்கும் முன்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் வாசகர் வட்டம் ஒரு பாராட்டு விழா எடுத்தது. கிராம சுகாதார செவிலியருக்கு. ஊரில் யாரும் அவரை அப்படி நீட்டி முழக்குவதில்லை, நர்சம்மா என்றால் போதும். மண்டபம் காலியாக இருந்த நாள், சிறப்பு விருந்தினருக்குத் தோதான நேரம், இரண்டையும் பார்த்துத் தேதி குறித்தோம். பாராட்டப்படுகிறவரைத் தவிர எல்லாரையும் கேட்டோம்.

அன்று காலை பத்து மணிக்கு நர்சம்மா வந்தார், கையில் நீல நிற வேக்சின் கேரியரோடு (தடுப்பூசி எடுத்துப்போகும் குளிர்ப்பெட்டி). முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் காலடியில் வைத்துக்கொண்டார். விருந்தினர் வந்தபோது மணி பதினொன்று நாற்பது. அதற்குள் மூன்று முறை கேரியரை நிழல் பக்கமாக நகர்த்திவிட்டார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, இன்னிக்குப் புதன்கிழமை. அங்கன்வாடியில ஏழு புள்ளைங்க உக்காந்திருக்கு. சால்வையைச் சீக்கிரம் போட்டு விட்டுடுங்க, நான் போறேன்."

தமிழ்நாட்டில் புதன் என்றால் தடுப்பூசி நாள். கைக்குழந்தை இருக்கும் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. கேரியருக்குள் இருப்பதை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி), தட்டம்மை-ரூபெல்லா மருந்தை ஒருமுறை கலக்கிவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடித்தாக வேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டியதுதான். ஐஸ் பேக் உருகிக்கொண்டிருக்க, அவருடைய கடமை உணர்ச்சியைப் பற்றி மேடையில் ஒருவர் இருபது நிமிடம் பேசினார்.

அதற்குப் பிறகு இப்படிப்பட்ட விழாக்கள் நான்கைந்தில் கை வைத்திருக்கிறேன். செய்த தவறுகளும் பார்த்த தவறுகளும் ஒரு நோட்டுக்கு வரும். மருத்துவர் தினம் ஜூலை 1, செவிலியர் தினம் மே 12 என்று யாராவது எங்காவது விழா எடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள், அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் நாள். புதன் வேண்டாம் என்பதோடு முடியவில்லை. செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் பரிசோதனை, அதையும் விட்டுவிடுங்கள். மாதாந்திரக் கூட்டம், முகாம், போலியோ சொட்டு மருந்து நாள் என்று அவர்களுக்கென்று ஒரு காலண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர், மலைப்பகுதியில் 3,000 பேர் என்பது கணக்கு. அந்த ஐயாயிரம் பேருக்கும் அவர் ஒருத்திதான். "உங்களுக்கு எப்போது தோது?" என்று ஒரு போன் போட்டால் விடை கிடைத்துவிடும். பெரும்பாலும் ஞாயிறு சாயங்காலம் என்பார்கள், ஆறு மணிக்குள் வீட்டுக்குப் போகிற மாதிரி.

அடுத்தது பலருக்குத் தெரியாத ஒன்று. பாராட்டப்படுகிறவர் அரசு ஊழியராக இருந்தால், தன்னைக் கௌரவிக்க நடக்கும் பொது விழாவில் கலந்துகொள்ள அவர் முன்அனுமதி வாங்க வேண்டும். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 இப்படித்தான் சொல்கிறது. ஓய்வு பெறும்போதும் மாறுதலாகிப் போகும்போதும் நடக்கும் எளிமையான பிரிவுபசாரம் வேறு விஷயம். பணமுடிப்பு, தங்க மோதிரம் என்று இறங்கினால் சிக்கல் அவருக்குத்தான், நமக்கில்லை. நாம் போஸ்டர் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம், விளக்கம் கேட்டு வரும் கடிதத்துக்குப் பதில் எழுதுவது அவர். ஆகவே வட்டார மருத்துவ அலுவலருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் போதும்.

சரி, யாரைப் பாராட்டுவது? இங்கேதான் அதிகம் சறுக்குகிறோம். நம் கண்ணுக்கு முதலில் தெரிகிறவர் டாக்டர். அவரைப் பாராட்டுவது தவறில்லை, அவரோடு நிறுத்திக்கொள்வதுதான் தவறு. மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடை எடுத்துக்கொள்ளுங்கள். வறட்சி பூமி. 1970-ல் ரஜினிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே என்ற மருத்துவத் தம்பதி அங்கே வேலையைத் தொடங்கினார்கள். 1979-ல் அவர்களுக்கு மகசேசே விருது கிடைத்தது. ஆனால் கிராமங்களில் அந்த வேலையைச் செய்தவர்கள் ஊர்க்காரப் பெண்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பலர் தலித்துகள். வாரத்துக்கு ஒருமுறை ஜாம்கேடுக்கு வந்து கற்றுக்கொண்டு போய், பிரசவம் பார்த்தார்கள், வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்கச் சொல்லித் தந்தார்கள். இதை மறைக்காமல் எல்லா இடத்திலும் சொன்னவர்கள் ஆரோலே தம்பதியர்தான். நம் தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியிலும் அப்படித்தான். 1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி அங்கே போய், மலைக்கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வைத்தியத்தை வளர்த்தார்கள்.

ஆகவே பட்டியல் போடும்போது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். ராத்திரி பிரசவம் பார்க்கிற செவிலியர், சளிப் பரிசோதனை செய்கிற ஆய்வக நுட்புநர், மருந்தாளுநர், கொசுப்புழு தேடி வீட்டுத் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிற சுகாதார ஆய்வாளர், 108 வண்டியின் ஓட்டுநர், அதில் கூடவே வரும் மருத்துவ உதவியாளர், பிரசவ அறையைக் கழுவிவிடும் தூய்மைப் பணியாளர். கடைசியாகச் சொன்னவரை மேடையில் ஏற்றிய விழாவை நான் இதுவரை ஒன்றுதான் பார்த்திருக்கிறேன். வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. 2024-ல் ஐ.நா. அமைப்பு ஒன்றின் விருதும் அதற்குக் கிடைத்தது. உங்கள் தெருவுக்கு சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் எடுத்து வருகிற அந்தத் தன்னார்வலப் பெண்ணின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் விசாரித்துத்தான் தெரிந்தது.

பதவிப் பெயரில் கவனம் வேண்டும். இணையத்தில் வடநாட்டு வாழ்த்துப் படத்தை எடுத்து, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் 'ஆஷா பணியாளர்களுக்கு வணக்கம்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். ஆஷா என்பவர்கள் அந்தந்த ஊரிலேயே வேலை பார்க்கும் சுகாதாரத் தன்னார்வலப் பெண்கள். தமிழ்நாட்டில் அவர்கள் பெரும்பாலும் மலைப்பகுதிகளிலும் எளிதில் போக முடியாத ஊர்களிலும்தான். சமவெளியில் அந்த வேலையைப் பார்ப்பவர் கிராம சுகாதார செவிலியர். கிராம சுகாதார செவிலியர் வேறு, அவருக்கு மேலே இருக்கும் பகுதி சுகாதார செவிலியர் வேறு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ் வேறு. மூன்றையும் கலந்துகட்டி அச்சடித்தால், நாம் இதுவரை அவர்களைக் கவனித்ததே இல்லை என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி.

ஆஷா என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆஷா பணியாளர்களுக்கு உலகளாவிய சுகாதாரத் தலைவர்கள் விருதைக் கொடுத்தது. பெரிய கௌரவம்தான். ஆனால் அவர்களுக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது, மதிப்பூதியமும் ஊக்கத்தொகையும்தான். 2025 பிப்ரவரியில் கேரளத்து ஆஷாக்கள் தலைமைச் செயலகத்தின் முன் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். விருது வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

இதனால்தான் மேடையில் 'தியாகம்', 'சேவை', 'நடமாடும் தெய்வம்' என்ற சொற்களைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. தெய்வத்துக்குப் பயணப்படி தேவையில்லை, கழிப்பறை தேவையில்லை, விடுப்பும் தேவையில்லை. மனுஷிக்கு எல்லாம் வேண்டும். அடைமொழியைக் குறைத்து, நடந்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். அதற்கு விழாவுக்கு முன்பே போய் அரை மணி நேரம் பேசிவிட்டு வர வேண்டும். எங்கள் இரண்டாவது விழாவில் ஒரு செவிலியரைப் பற்றி 'இத்தனை பிரசவம் பார்த்தவர்' என்று எண்ணிக்கையைப் பெரிதாக வாசித்தோம். கீழே இறங்கியதும் அவர் சொன்னார், "நான் பார்க்காம அனுப்பின பிரசவம்தான் சார் எனக்குப் பெருசு." ரத்த அழுத்தம் ஏறி, கால் வீங்கி, தலைவலி என்று வந்த ஒரு பெண்ணை, வீட்டார் 'இங்கேயே பாருங்க' என்று மல்லுக்கு நின்றபோதும், 108-ஐ வரவழைத்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஏற்றி அனுப்பியிருக்கிறார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தப் பிரசவம் அவர் கணக்கில் ஏறவே இல்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பாராட்டினால் இதெல்லாம் விட்டுப்போகும்.

ஆனால் இப்படிக் கதை சொல்லும் ஆர்வத்தில் நோயாளியை மேடையேற்றிவிடக் கூடாது. நான் பார்த்ததிலேயே மோசமான தவறு இதுதான். ஒரு விழாவில், காசநோயிலிருந்து குணமான ஒரு பெண்ணைக் கூப்பிட்டு 'எப்படிக் குணமாச்சுன்னு சொல்லும்மா' என்று மைக்கைக் கொடுத்தார்கள். கல்யாண வயது. முன்னால் உட்கார்ந்திருந்தது முழு ஊர். சம்மதம் கேட்டார்களாம். மருந்து கொடுத்துக் காப்பாற்றியவர் பக்கத்தில் நின்று கேட்டால் யார் மறுப்பார்கள்? எச்.ஐ.வி. என்றால் 2017-ம் ஆண்டுச் சட்டமே அந்த ரகசியத்தைக் காக்கிறது. மனநலச் சிகிச்சைக்கும் அதே ஆண்டு வந்த சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. சட்டம் கிடக்கட்டும், அந்தப் பெண் அந்த ஊரில்தானே இருக்க வேண்டும். பெயரும் தெருவும் இல்லாமல் பேச்சாளரே சொன்னால் போதும். பிறந்த குழந்தையோடு நர்ஸ் நிற்கும் படத்தை ஃபேஸ்புக்கில் போடுவதும் இதே கதைதான்.

பேனரில் யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். ஸ்கேன் சென்டரும் மருந்துக் கம்பெனியும் பணம் கொடுத்தால் விழா அவர்களுடையதாகிவிடும். 'நாற்பது வருட மக்கள் டாக்டர்' என்று யாரையாவது கூப்பிடும் முன், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் பதிவு இருக்கிறதா என்று தேடிவிடுங்கள். ஊசி போடத் தெரிந்தவரெல்லாம் டாக்டர் என்று நம்புகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. போலி மருத்துவர் கைது என்ற செய்தியோடு உங்கள் மாலைப் படமும் சேர்ந்து வரும்.

பரிசு. இரண்டடி உயரக் கண்ணாடி ஷீல்டைக் கொடுத்து, ராத்திரி ஒன்பது மணிப் பேருந்தில் நின்றபடி ஊருக்குப் போக வைத்திருக்கிறோம். பொன்னாடை என்ன ஆகும் என்று ஒரு செவிலியரிடம் கேட்டேன். "ஒண்ணு சப்-சென்டர் ஜன்னல்ல தொங்குது சார், பரிசோதனைக்குப் படுக்கிறவங்களுக்கு மறைப்பு" என்றார். அதற்கு ஒரு நல்ல திரைச்சீலையையே வாங்கிக் கொடுத்திருக்கலாம். இன்வெர்ட்டர், உட்கார நாற்காலி, குடிநீர்த் தொட்டி என்று நிலையத்துக்குத் தேவைப்படுவது ஏராளம். அதைத் தனிநபர் கையில் கொடுக்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்தின் நோயாளர் நலச் சங்கம் வழியாக ரசீதோடு கொடுங்கள். அவருக்கென்று கொடுக்க ஒரு புத்தகமும், கையால் எழுதிய கடிதமும் போதும்.

'நம்ம நர்சம்மாவுக்குப் பத்மஸ்ரீ வாங்கித் தருவோம்' என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். பத்ம விருதுக்கு யார் வேண்டுமானாலும் இணையத்தில் பரிந்துரைக்கலாம், 800 சொற்களுக்குள் குறிப்பு எழுத வேண்டும். ஆனால் பணியில் இருக்கும் அரசு ஊழியர்களில் மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் மட்டுமே அதற்குத் தகுதியானவர்கள். அரசுச் செவிலியருக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது (இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன்). அவருக்கு உரியது தேசிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் விருது. 1973-ல் மத்திய அரசு ஏற்படுத்தியது, கிராமத்துத் துணைச் செவிலியர்களுக்கும் உண்டு. அரசு ஊழியரல்லாத மருத்துவச்சி, நாட்டு வைத்தியர் யாராவது இருந்தால் பத்ம பரிந்துரையைத் தள்ளிப்போடாதீர்கள். கர்நாடகத்தின் சூலகிட்டி நரசம்மா எழுபது ஆண்டுகள் காசு வாங்காமல் பிரசவம் பார்த்தவர். பத்மஸ்ரீ வந்தது 2018-ல். அதே ஆண்டு டிசம்பரில், 98 வயதில், இறந்துபோனார்.

இப்போதெல்லாம் நாங்கள் விழா எடுப்பதில்லை. கிராம சபைக்குப் போகிறோம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருஷத்தில் பல நாள் கூடுகிறது. அங்கே பெயர் சொல்லி, செய்த காரியத்தைச் சொல்லி, ஒரு நன்றித் தீர்மானம். அது ஊராட்சிப் பதிவேட்டில் ஏறிவிடும். தீர்மானத்தின் இரண்டாவது வரியில் அவருக்கு என்ன வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறோம். முதல்முறை நர்சம்மாவிடம் கேட்டபோது, ரொம்ப யோசித்து, துணை சுகாதார நிலையத்துக் கழிப்பறைக்குக் கதவு வேண்டும் என்றார். கதவு நான்கு மாதத்தில் வந்துவிட்டது. தாழ்ப்பாள்தான் இன்னும் வரவில்லை, அடுத்த கூட்டத்துக்கு எழுதி வைத்திருக்கிறோம்.