மண்டபத்தில் பனி பெய்ய வேண்டாம்

பதினான்கு வயதில் நான் எழுதிய முதல் மாயக்கதையில் இளவரசன் பனிமலை ஏறினான். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் கடற்கரை ஊரான மண்டபத்தைத் தாண்டி நான் பார்த்திருந்த பெரிய ஊர் மதுரை மட்டும்தான். காலில் பனி பட்டால் எப்படி இருக்கும் என்று தெரியாமல் எழுதியது வரிக்கு வரி தெரிந்தது. புதிதாக எழுத வருகிறவர்களிடமும் முதலில் இதைத்தான் பார்க்கிறேன்: சின்ன வயதில் படித்த கதையின் நிலத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வருவது.

அதற்காகப் படித்ததையெல்லாம் உதறிவிடவும் கூடாது. விக்கிரமன் வாய் திறந்தால் வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடும். விடை தெரிந்தும் பேசாவிட்டால் அவன் தலை வெடித்துவிடும். மாயத்துக்கும் ஒரு கட்டு உண்டு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் கதைதான். படித்ததிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தக் கட்டு. நிலம் உங்களுடையதாக இருக்கட்டும்.

அப்புறம், பயணம். தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தைப் படம் பிடிக்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள், கதையில் அது ‘பேய் நகரம்’ ஆகிவிடுகிறது. இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. அங்கே இன்றும் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. கொஞ்ச நேரம் அவர்களோடு உட்கார்ந்தால் ஊற்றைக் காட்டுவார்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மணலைக் கையால் தோண்டினால் குடிதண்ணீர் வரும். மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட எடை குறைந்தது. அதனால் மணலுக்குள் உப்புநீரின் மேலே மிதந்து நிற்கிறது. அளவாகத் தோண்டினால் நல்ல தண்ணீர். ஆசைப்பட்டு ஆழமாகப் போனால் உப்பு. வேதாளத்தின் கட்டுக்குக் குறையாத கட்டு இது, மண்ணே போட்டது. இடிந்த சுவரை மட்டும் பார்த்துத் திரும்பியவருக்கு இது கிடைக்காது.

ஊர்ச்சொற்களைத் தூவினால் கடற்கரை வந்துவிடும் என்பதும் தவறான நினைப்பு. வாடைக்காற்று என்று எழுதினால், அது வீசும் காலத்தில் பாக் நீரிணைப் பக்கத்து வடகடல் கொந்தளிக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். தென்காற்றான சோழகம் வீசும்போது மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தென்கடலின் முறை. காற்று மாறினால் உங்கள் கதையில் யாருடைய பிழைப்பு மாறுகிறது?

கடைசியாக, அவசரம். பார்த்துவிட்டு வந்த வாரமே எழுதினால் அது பயணக் குறிப்பாகத்தான் வரும். ஆங்கில மாயக்கதை எழுத்தாளர் டோல்கீன் 1911-இல், பத்தொன்பது வயதில், சுவிட்சர்லாந்து மலைகளில் நடந்தார். அந்த நடை ‘தி ஹாபிட்’ கதையின் மலைப்பயணமாக அச்சில் வந்தது 1937-இல். நடுவில் 26 ஆண்டுகள்.

சின்ன வயதில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும். ஜன்னல் வழியே குனிந்து பார்த்தால் பாலம் கண்ணில் படாது, கடல்தான் தெரியும். அம்மாவின் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். பல வருடம் கழித்து, தண்ணீர்மேல் மெல்ல நகரும் ஊர் ஒன்றை எழுதினேன். அந்த ஊரின் பிள்ளைகள் எல்லோரும் ஏன் எதையாவது பற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது, எழுதி முடித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.