அறளைக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டார்களாம்: அந்தச் செய்தியை எப்படி வாசிப்பது?

முதுமையில் நினைவு தடுமாறுபவரைப் பார்த்து 'அறளை பேந்துவிட்டது' என்று சொல்லி, வயது போனால் அப்படித்தான் என்று விட்டுவிடுவது யாழ்ப்பாணத்தில் நெடுநாள் வழக்கம். அது வயதின் இயல்பு அன்று, மூளையில் உண்டாகும் நோய் என்பது இன்று பலருக்கும் தெரிந்திருப்பதால், அதன் காரணம் தெரிந்துவிட்டதாகக் கைபேசிக்கு வரும் செய்திகளை ஆவலோடு வாசிக்கிறோம். எங்கள் மாமி அப்படியொரு செய்தியை நம்பி, பிரஷர் குளிசையை நிறுத்திவிட்டு, மூன்று மாதம் காலையில் வல்லாரைச் சாறு மட்டும் குடித்துவந்தார். கிளினிக்கில் அளந்தபோது மேல் அளவு 190 ஐத் தாண்டியிருந்தது. வல்லாரைச் சம்பல் நல்ல கறிதான். ஆனால் அது குளிசையின் இடத்துக்கு வரக்கூடாது.

செய்தி எந்த நோயைப் பற்றியது என்பதை முதலில் பாருங்கள். நாங்கள் அறளை என்று சொல்லும் டிமென்சியா பல நோய்களுக்குப் பொதுவான பெயர். அவற்றுள் 60 முதல் 70 வீதம் அல்சைமர். மூளைக் குருதிக் குழாய்கள் பழுதடைவதால் வருவது வேறு, லூயி உடலங்கள் என்னும் புரதக் கட்டிகளால் வருவது வேறு. ஒன்றின் காரணம் மற்றொன்றுக்குப் பொருந்த வேண்டியதில்லை.

அடுத்து, ஆய்வு யாரிடம் நடந்தது என்று தேடுங்கள். சுண்டெலிக்கு அல்சைமர் இயல்பாக வருவதில்லை; மனிதரின் பழுதுபட்ட மரபணுவை அதற்குள் புகுத்தியே நோயை ஒத்த நிலையை உண்டாக்குகிறார்கள். எலியில் பலித்த மருந்துகள் பல மனிதரில் பலிக்கவில்லை.

மிகவும் நிதானித்துக் கேட்க வேண்டியது, எது முந்தியது என்ற கேள்வி. மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே அமிலோயிட் என்னும் புரதம் மூளையில் படியத் தொடங்கிவிடுகிறது. ஆகவே, தனித்து இருப்பவர்களுக்கு டிமென்சியா கூடுதலாக வருகிறது என்று ஓர் ஆய்வு சொன்னால், தனிமை நோயைக் கொண்டுவந்ததா, அல்லது தொடங்கிவிட்ட நோய்தான் அவரைக் கோயிலடிக்கும் கலியாண வீட்டுக்கும் போகவிடாமல் ஒதுக்கியதா என்பதைப் பிரித்தறிவது கடினம். இந்தச் சிக்கலை அழகாகத் தாண்டிய ஆய்வு ஒன்று 2025 இல் வெளியானது. கொப்புளிப்பான் கிருமி பின்னாளில் மீண்டும் எழுப்பும் அக்கிக்கான தடுப்பூசியை, பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் 1933 செப்டெம்பர் 2 அன்றும் அதன் பின்னரும் பிறந்தவர்களுக்கே வழங்கினார்கள்; சில நாள் முந்திப் பிறந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. பிறந்த நாளைத் தவிர வேறு பெரிய வேற்றுமை இல்லாத இந்த இரு சாராரை ஒப்பிட்டபோது, ஊசி பெற்றவர்களிடம் ஏழு ஆண்டுகளில் டிமென்சியா ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒரு செய்தியில் இத்தகைய ஒப்பீடு இருந்தால் அதை நான் மதிப்பேன்.

ஒரே ஆய்வை மட்டும் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். அமிலோயிட் பற்றி 2006 இல் வெளியாகி, ஆயிரக்கணக்கானோர் மேற்கோள் காட்டிய கட்டுரையொன்று, அதன் படங்கள் முறைகேடாக மாற்றப்பட்டிருந்ததால் 2024 இல் மீளப்பெறப்பட்டது. ஆயினும் அமிலோயிட் பற்றிய கருத்து அதனோடு விழுந்துவிடவில்லை, ஏனெனில் அதைத் தாங்கும் சான்றுகள் வேறு பல உள்ளன.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த, லான்செட் என்னும் மருத்துவ இதழின் ஆணைக்குழு, மாற்றக்கூடிய 14 காரணிகளை 2024 இல் பட்டியலிட்டது. உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, செவிப்புலன் குறைவு, பார்வைக் குறைவு, புகைத்தல் ஆகியன அதில் அடங்கும். இவற்றில் பலவற்றை எங்கள் ஊர்க் கிளினிக்கிலேயே அளக்கலாம்.

வீட்டில் ஒருவருக்கு மறதி கூடினால், அதே 'எது முந்தியது' என்ற கேள்வியை ஒரு கொப்பியில் எழுதுங்கள். திறப்பை அரிசிப் பானைக்குள் வைத்தது நல்லூர்த் திருவிழாவுக்கு முன்பா, பின்பா? புதிய குளிசை தொடங்கியது எப்போது? விழுந்து தலையில் அடிபட்டாரா? தைரொயிட் குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. கொப்பியையும் குளிசைப் பை முழுவதையும் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.