கப்பல் வரைபடத்தில் காணாமல் போனால்

வல்வெட்டித்துறை, பருத்தித்துறைப் பக்கம் சரக்குக் கப்பலில் வேலை செய்பவர்களின் வீட்டுக்காரிகளுக்கு, காலையில் எழும்பியதும் போனில் கப்பல் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது ஒரு பழக்கம். பாருங்கள், தப்பில்லை. ஆனால் நடுக்கடலில் அடையாளம் நகராமல் கிடந்தால் பதற வேண்டாம். கப்பல் தன் இடத்தைத் தானாக அறிவித்து அனுப்பும் ஏஐஎஸ் சமிக்ஞை கரை நிலையங்களுக்குச் சில பத்துக் கடல்மைல் வரைதான் எட்டும். அதற்கு அப்பால் செய்மதி பிடிக்க வேண்டும். அந்தத் தகவல் பெரும்பாலும் காசு கட்டுபவர்களுக்குத்தான். இலவசப் பக்கத்தில் பழைய இடமே நிற்கும். முதலில் கடைசியாகப் பதிவான நேரத்தைப் பாருங்கள். பெயரை விட, ஒவ்வொரு கப்பலுக்கும் தனியாக உள்ள ஏழு இலக்க ஐஎம்ஓ எண்ணால் தேடுவது நல்லது. ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடுகின்றன.

அடுத்தது, திரும்பி வரும் நாள். 2023 நவம்பரில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு பல கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போயின. ஐரோப்பியப் பயணத்துக்கு வழமையை விடப் பத்து நாள் அளவு கூடுதலாகப் பிடித்தது. அவருடைய இடத்துக்கு மாற்றாள் கப்பலில் ஏறுவது பிந்தினாலும் இதே கதைதான். ஆகவே பிள்ளைகளுக்குத் திகதி சொல்லாதீர்கள். "நல்லூர்த் திருவிழாக் கிட்ட அப்பா வருவார்" என்றால் போதும். விமான டிக்கெட் கைக்கு வந்த பிறகு கலண்டரில் வட்டம் போடலாம். துருவிக் கேட்கும் சொந்தக்காரருக்கும் அதே பதில்தான்!

சரி, ஒன்று மட்டும் இன்றைக்கே செய்யுங்கள்: கப்பலின் பெயர், ஐஎம்ஓ எண், ஆள் அனுப்பிய முகவரின் இரவு நேர இலக்கம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, மாமியாருக்கும் தெரிகிற இடத்தில் ஒட்டிவிடுங்கள்.